தோற்றால் ‘ஃபிக்ஸ்’: ஒரு வார்த்தையின் வரலாறு

டில்லியில் தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். ஃபிக்ஸ். 2023 நவம்பர் 19-ஆம் தேதி அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இந்தியா 240-க்கு ஆல் அவுட். டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். ஆஸ்திரேலியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் போனது. மறுநாள் காலை எங்கள் ஜனக்புரி மதர் டெய்ரி பூத் வரிசையில் நான் கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். எதிர் பிளாட் சர்தார்ஜி நிதானமான மனிதர், எதையும் யோசித்துப் பேசுகிறவர். அவரே "ஸப் ஃபிக்ஸ் தா, மேனேஜர் ஸாப்" என்றார். தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்த அணி பதினோராவதில் தோற்கக் கூடாதா என்ன? ஆதாரம் கேட்டேன். தோற்றதே ஆதாரம்தானாம்!

கும்பகோணத்தில் என் அப்பா தலைமுறை ஆட்கள் இந்தியா தோற்றால் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கவாஸ்கரைத் திட்டுவார்கள், செலக்டர்களைத் திட்டுவார்கள், அம்பயரைத் திட்டாமல் ஒரு ஆட்டமும் முடியாது. ஆனால் விற்றுவிட்டான் என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. இந்த வார்த்தை எப்போது வந்தது, யார் மூலமாக வந்தது என்று தேடிப் போனால் கதை சுற்றிச் சுற்றி டில்லிக்கே வருகிறது. நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். கவர் டிரைவின் நுணுக்கமெல்லாம் எழுத எனக்கு வராது. பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பது மட்டும் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த வார்த்தை இல்லாத காலத்துத் தோல்வி ஒன்று. 1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை அரையிறுதி, எதிரணி இலங்கை. எனக்கு பிளஸ் டூ பரீட்சை நேரம். டாஸ் ஜெயித்த அசாருதீன் பந்து வீசுவதாகச் சொன்னார். ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே களுவிதாரணவும் ஜெயசூரியாவும் தேர்ட்மேனில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் அப்போதே பட்டாசு. அதற்கப்புறம் அரவிந்த டி சில்வா வந்து 47 பந்தில் 66 அடித்தார். மஹாநாம 58. மொத்தம் 251. பதிலுக்கு இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சச்சின் 65-இல் ஸ்டம்பிங் ஆனார். அங்கிருந்து 22 ரன்னுக்குள் ஏழு விக்கெட். 120-க்கு 8 என்றபோது பாட்டில்கள் பறந்தன, காலரியில் தீ எரிந்தது. ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். ஆட்டமிழக்காமல் நின்ற காம்ப்ளி அழுதுகொண்டே நடந்து போனதை தூர்தர்ஷனில் பார்த்தோம்.

அழுதோம், திட்டினோம். எதற்குத் திட்டினோம்? உடைந்த பிட்சில் எதற்காக முதலில் பந்து வீசினாய் என்று. அந்த முடிவுக்கு ஒரு காரணம் இருந்தது, அதுவும் டில்லியில்தான் இருந்தது. பதினோரு நாள் முன்னால், மார்ச் 2-ஆம் தேதி பெரோஸ் ஷா கோட்லாவில் இதே இலங்கையோடு லீக் ஆட்டம். சச்சின் 137, இந்தியா 271. ஜெயசூரியா அடித்த அடியில் மனோஜ் பிரபாகர் நாலு ஓவருக்கு 47 ரன் கொடுத்து, வேகப்பந்தை விட்டுவிட்டு ஆஃப் ஸ்பின் போட்டுப் பார்த்தார். சொந்த ஊர் ஜனமே அவரைக் கேலி செய்தது. எட்டுப் பந்து மிச்சம் வைத்து இலங்கை ஜெயித்தது. துரத்துவதில் கில்லாடியான அந்த அணியைத் துரத்த விடக்கூடாது என்று கல்கத்தாவில் நினைத்தது தப்புக்கணக்கு. தப்புக்கணக்கு வேறு, கள்ளக்கணக்கு வேறு இல்லையா? அன்றைக்கு எங்களுக்கு இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மூன்று வருடம் கழித்து, 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். 271 எடுக்கவேண்டிய இடத்தில் சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் 258-க்கு ஆல் அவுட். பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோல்வி. சென்னை ஜனம் எழுந்து நின்று பாகிஸ்தான்காரர்களுக்குக் கை தட்டியது. தோல்வியை அப்படியே தோல்வியாக வாங்கிக்கொண்ட கூட்டம் அது. ஒரு வருடம் கழித்து அதே ஆட்டம் நடந்திருந்தால் அப்படிக் கை தட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சரி, இப்போது பணத்துக்கு வருகிறேன்.

2000-ஆம் வருட சி.பி.ஐ. அறிக்கையில் ஒரு மனிதர் வருகிறார். முகேஷ் குப்தா, சுருக்கமாக எம்.கே. பழைய டில்லி ஹவுஸ் காஜி பகுதியில் வங்கிக் குமாஸ்தா! (நம்ம ஜாதி என்று பெருமைப்பட முடியவில்லை.) 1984 வாக்கில் அக்கம்பக்கத்தில் ஆட்கள் கிரிக்கெட் மேல் சில்லறைப் பந்தயம் கட்டுவதைப் பார்க்கிறார். 1983 உலகக் கோப்பை ஜெயித்த சூடு, டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. கட்டுகிறவர்களுக்கு ஆட்டம் பற்றி அதிகம் தெரியவில்லை என்பதை அவர் கவனிக்கிறார். ரேடியோவில் பி.பி.சி. கேட்டு விஷயம் சேர்க்கிறார், ஜெயிக்கிறார். 1988-இல் டில்லி கிளப் ஆட்டம் ஒன்றில் அஜய் சர்மா என்ற இளைஞர் நன்றாக அடித்ததைப் பாராட்டி 2,000 ரூபாய் கொடுத்தார் என்கிறது அறிக்கை. அவர் மூலமாக அடுத்தவர், அவர் மூலமாக இன்னொருவர். கடன் கேட்டு வருகிறவர்களை நாங்கள் அறிமுகக் கையெழுத்து கேட்டுப் படுத்துவோமே, அதே முறைதான்.

பந்தயம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இது புரியாமல் ஃபிக்ஸிங் புரியாது. புக்கி சொல்லும் விலைக்கு இங்கே ‘பாவ்’ என்று பெயர். இந்தியா 60–62 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா ஜெயிக்கும் என்று கட்டினால் அது ‘லகாயி’: 100 ரூபாயைப் பணயம் வைத்தால் லாபம் 60. ஜெயிக்காது என்று கட்டினால் ‘காயி’: 62 ரூபாயைப் பணயம் வைத்தால் லாபம் 100. நடுவில் இருக்கிற இரண்டு ரூபாய் புக்கிக்கு. எங்கள் ஃபாரெக்ஸ் கவுண்டரில் டாலருக்கு வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு போட்டிருப்போம் இல்லையா, அச்சு அசலாக அதேதான். இரண்டு பக்கமும் சமமாகப் பணம் வந்துவிட்டால் எந்த அணி ஜெயித்தாலும் புக்கிக்குக் கவலை இல்லை, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். லட்சத்துக்கு ‘பேட்டி’, கோடிக்கு ‘கோக்கா’ என்று சங்கேதப் பெயர். அந்த நேரத்தில் பணம் கை மாறாது. எல்லாம் வாய்ச்சொல், போனில் பதிவு. பொதுவாக வாரம் ஒருமுறை கணக்குத் தீர்ப்பார்கள்.

இதில் ஃபிக்ஸிங் எங்கே நுழைகிறது? முடிவு முன்கூட்டியே தெரிந்த புக்கி, இரண்டு பக்கத்தையும் சமமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பக்கப் பணத்தை மட்டும் வாங்கி வாங்கிக் குவிக்கலாம். அதற்கு ஆட்டக்காரர் தோற்கக்கூட வேண்டாம். பிட்ச் எப்படி, மழை வருமா, யார் ஆடப்போவதில்லை... இது போதும். 1994-இல் இலங்கைச் சுற்றுப்பயணத்தில் ‘ஜான்’ என்ற ஒருவரிடம் மார்க் வா 4,000 டாலரும் ஷேன் வார்ன் 5,000 டாலரும் வாங்கியது இப்படிப்பட்ட தகவலுக்குத்தான். ஆஸ்திரேலிய வாரியம் சத்தமில்லாமல் அபராதம் போட்டு மூடி வைத்தது. 1998 டிசம்பரில்தான் வெளியே வந்தது. அந்த ‘ஜான்’ நான்தான் என்று எம்.கே. சொன்னதாக சி.பி.ஐ. அறிக்கை.

வாய்ச்சொல்லில் கோடிகள் ஓடுகின்றன, கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? பி.காம்.காரர்கள் வணிகச் சட்டத் தாளில் நெட்டுருப் போட்டிருப்பார்கள்: இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30. பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதை வைத்து வழக்குப் போட முடியாது. (குதிரைப் பந்தயத்தில் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்கு மட்டும் விலக்கு. வெள்ளைக்காரன் தன் பொழுதுபோக்கை மறக்கவில்லை!) செல்லாது சரி, குற்றமா? இங்கேதான் ஒரு அழகான வழக்கு. டில்லிக்குப் பக்கத்து ஹாப்பூர் வியாபாரிகளோடு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்ட 1937-இல் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். நஷ்டம் வந்தது. ஒருவர் முழுவதையும் கட்டினார், மற்றவர் தன் பங்கைத் தர மாட்டேன் என்றார். கேருலால் பராக் வழக்கு என்று பெயர். 1959-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் தீர்ப்பு எழுதினார்: பந்தய ஒப்பந்தம் செல்லாதுதான், ஆனால் சட்டவிரோதம் அல்ல. ஆகவே அதற்காகச் சேர்ந்த கூட்டு செல்லும், பங்கைக் கட்டு. 

சூதாட்டத்தைத் தண்டிக்க 1867-ஆம் வருடச் சட்டம் இருந்தது. அது சூதாட்ட விடுதி நடத்துகிறவருக்கு அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை என்றது. நாலு சுவர், ஒரு பாய், பகடை, போலீஸ் கதவைத் தட்டுவது என்பதுதான் அந்தச் சட்டத்தின் கற்பனை. செல்போனில் நடக்கும் பந்தயத்துக்குச் சுவர் ஏது, கதவு ஏது?

செல்போன் என்றதும் 2000 மார்ச்சுக்கு வந்தாக வேண்டும். தென் ஆப்பிரிக்கா இங்கே சுற்றுப்பயணம். டில்லி குற்றப்பிரிவு போலீஸ் பணம் கேட்டு மிரட்டும் புகார் ஒன்றுக்காகச் சில போன்களை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் எதிர்பாராத குரல் ஒன்று விழுந்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி வெளியே சொன்னார்கள்: அது தென் ஆப்பிரிக்கக் கேப்டன் ஹான்ஸி குரோனியே, எதிர்முனையில் சஞ்சீவ் சாவ்லா (அன்றைய பத்திரிகைகளில் சஞ்சய்). நான் அப்போது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். டில்லி போலீசுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் கும்பகோணத்தில் பேசிக்கொண்டோம். குரோனியே அப்படிப்பட்ட ஆளா, சர்ச்சுக்குப் போகிற மனிதர் ஆயிற்றே! நாலே நாளில் அவரே நள்ளிரவுக்கு மேல் வாரிய நிர்வாக இயக்குநர் அலி பாக்கருக்குப் போன் செய்து, நான் முழு உண்மை சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கிங் கமிஷன் விசாரணையில் வந்த விவரங்களில் எனக்குப் பிடித்தது நாக்பூர் ஒருநாள் ஆட்டம். மார்ச் 19. இருபது ரன்னுக்குள் அவுட் ஆனால் 15,000 டாலர் என்று ஹெர்ஷல் கிப்ஸிடம் கேப்டனே பேசியிருக்கிறார், கிப்ஸும் தலையாட்டியிருக்கிறார். களத்தில் இறங்கியதும் மட்டை நன்றாகப் பட ஆரம்பித்துவிட்டது போல. 53 பந்தில் 74! ஐம்பது ரன்னுக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொண்ட ஹென்றி வில்லியம்ஸ் பதினோரு பந்து போட்டதும் தோள்பட்டை வலியில் வெளியேறினார். தென் ஆப்பிரிக்கா பத்து ரன்னில் ஜெயித்தது. ஒரு பைசா பெறாமல் இரண்டு பேரும் ஆறு மாதத் தடையை வாங்கிக்கொண்டார்கள். குரோனியேக்கு ஆயுள் தடை. 2002 ஜூன் 1-ஆம் தேதி விமான விபத்தில் இறந்துபோனார்.

நம் பக்கத்துக் கதை நவம்பரில் வெடித்தது. சி.பி.ஐ. அறிக்கை. டிசம்பரில் வாரியம் அசாருதீனுக்கும் அஜய் சர்மாவுக்கும் ஆயுள் தடை, அஜய் ஜடேஜாவுக்கும் மனோஜ் பிரபாகருக்கும் ஐந்து வருடம் என்றது. தண்டனை கொடுத்தது வாரியம், கோர்ட் அல்ல. இதைக் கவனிக்க வேண்டும். ஜடேஜாவின் தடையை 2003-இல் டில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. அசாரின் தடை செல்லாது என்று 2012-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. 2014-இல் அஜய் சர்மாவை டில்லி நீதிமன்றம் விடுவித்தது. அறிக்கை ஒன்று சொல்கிறது, தீர்ப்பு வேறொன்று சொல்கிறது. நடுவில் ரசிகன் எதை நம்புவான்?

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தற்காலிகம் என்பதுதான் முக்கியம். நாள் கடந்து கிடந்தால் ஆடிட்டர் உயிரை எடுத்துவிடுவார். 2000-க்குப் பிறகு இந்தியத் தோல்விகள் எல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கின்றன. புதியவை மட்டுமல்ல, பழையவையும் பின்தேதியிட்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. 2011-இல் காம்ப்ளி ஒரு டி.வி. பேட்டியில் 1996 அரையிறுதியைப் பற்றிச் சந்தேகம் கிளப்பினார். முதலில் பந்து வீச முடிவெடுத்தது ஏன் என்றார். அது அணி கூடி எடுத்த முடிவு என்று அன்றைய மேலாளர் வடேகர் மறுத்தார். அசாரும் மறுத்தார். எந்த நீதிமன்றத்திலும் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் பதினைந்து வருடம் முன்னால் நான் அழுத அழுகைக்கு இப்போது யாரோ விலை கேட்கிற மாதிரி இருந்தது.

இதில் இன்னொரு அநியாயம் யாரும் பேசாதது. ஆட்டம் விற்கப்பட்டது என்றால் ஜெயித்தவன் யார்? முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் போன பிறகு அரவிந்த ஆடிய அந்த 66, ஜெயசூரியாவின் 12 ரன்னுக்கு மூன்று விக்கெட், இதெல்லாம் என்ன ஆகும்? அமெரிக்காவில் 1919 பேஸ்பால் உலகத் தொடர் இதற்குப் பழைய சாட்சி. சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் சூதாட்டக்காரர்களோடு சேர்ந்து தொடரைத் தோற்கச் சதி செய்தார்கள் என்று வழக்கு. 1921-இல் ஜூரி விடுதலை செய்தது. மறுநாளே கமிஷனர் நீதிபதி லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுளுக்கும் வெளியே தள்ளினார். நியாயமோ இல்லையோ, கணக்கு மூடப்பட்டது. ஆனால் அந்தத் தொடரை ஜெயித்தது சின்சினாட்டி ரெட்ஸ் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எங்கே பார்த்தாலும் சிகாகோ விற்றது என்றுதான் பேச்சு.

நமக்கும் ஒரு முறை வந்தது. 2013 மே மாதம். மறுபடியும் டில்லி போலீஸ்தான் முதலில். ராஜஸ்தான் ராயல்ஸின் ஸ்ரீசாந்த் உட்பட மூன்று பேரை மும்பையில் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். திகார் சிறை ஜனக்புரிக்குக் கூப்பிடு தூரம். ஜெயில் ரோட்டில் டி.வி. வண்டிகள் நின்றதில் ஆபீஸ் போகத் தாமதமானவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் மும்பை போலீஸ் பந்தயம் கட்டியதாக குருநாத் மெய்யப்பனைப் பிடித்தது. சென்னை சூப்பர் கிங்ஸ்! அதுவரை வடக்கத்தியான் எதையும் விற்பான் என்று பேசிக்கொண்டிருந்த டில்லித் தமிழர்களுக்கு வாயடைத்துப் போனது. 2015 ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளையும் இரண்டு வருடம் நிறுத்தி வைத்தது. அதே மாதம் பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் ஸ்ரீசாந்த் முதலானோரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. 2018-இல் திரும்பி வந்த சென்னை கோப்பையைத் தூக்கியது. ‘நம்ம’ பசங்க ஜெயித்தால் திறமை, அடுத்தவன் ஜெயித்தால் ஃபிக்ஸ். சஸ்பென்ஸ் கணக்கில் இதுதான் சௌகரியம், அவரவர் வசதிப்படி எழுதிக்கொள்ளலாம்.

பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கினால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், வரியும் கிடைக்கும் என்பவர்கள் உண்டு. சட்ட ஆணையமே 2018 ஜூலையில் தடுக்க முடியாவிட்டால் ஒழுங்குபடுத்தலாம் என்ற தொனியில் அறிக்கை கொடுத்தது. வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கும் பணம் கணக்கில் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அமெரிக்கா 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கதவைத் திறந்துவிட்டது. அங்கேயும் 2024-இல் ஜான்டே போர்ட்டர் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் பந்தயக்காரர்களுக்காக உடம்பு சரியில்லை என்று ஆட்டத்திலிருந்து வெளியேறியதாக ஆயுள் தடை வாங்கினார். கடை சட்டபூர்வமாக இருந்தாலும் திருட்டுச் சாவி செய்கிறவன் செய்துகொண்டுதான் இருப்பான்.

இங்கே நாம் இரண்டுங்கெட்டானாக இருந்தோம். டிரீம்11 என்று இந்திய அணியின் சட்டையிலேயே எழுதியிருந்தது. திறமை ஆட்டம், சூதாட்டமில்லை என்று வாதம். (கிண்டி குதிரைப் பந்தயத்துக்காக 1996-இல் வந்த லட்சுமணன் வழக்குத் தீர்ப்பும் இதே ‘திறமை’ என்ற சொல்லில்தான் நின்றது.) 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. சட்டையிலிருந்து பெயர் போனது. வாராவாரம் ஐம்பது, நூறு என்று அணி கட்டிக்கொண்டிருந்த எங்கள் கிளைப் பையன்கள் ஒரு வாரம் துக்கம் காத்தார்கள்.

பந்தயம் கட்டுகிறவனுக்குத் தடை வந்துவிட்டது. ஆட்டத்தை விற்கிறவனுக்கு? 2013 அமளிக்குப் பிறகு விளையாட்டு மோசடிக்கென்று மத்திய அரசு ஒரு மசோதா வரைந்தது, அது சட்டமாகவில்லை. 1996-இல் கல்கத்தாவில் நம்மைத் தோற்கடித்த இலங்கை 2019 நவம்பரில் தனிச்சட்டமே கொண்டுவந்து, ஆட்டத்தை விற்றால் பத்து வருடம் வரை சிறை என்றது. குரோனியே வழக்கில் டில்லி போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததே 2013-இல். 2020 பிப்ரவரியில் சஞ்சீவ் சாவ்லாவை லண்டனிலிருந்து கொண்டுவந்து திகாரில் வைத்தார்கள், சில வாரங்களில் ஜாமீன். போட்ட பிரிவு மோசடி, அதாவது 420. ஆட்டத்தை விற்பவர்கள் மேல் இன்று புதிதாக வழக்குப் போட்டாலும் அதே மோசடிப் பிரிவுதான், 2024 ஜூலையிலிருந்து அதன் எண் 318.